மலைத் தோட்டத்துப் பழைய ஜீப்: மெத்தைக்கு முன்னால் அடிப்பாகம்

நீலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் கீழ்மலை ஆகிய பகுதிகளில் ஜீப் ஒரு பண்ணைக் கருவி. காப்பிப் பழமும், மிளகு மூட்டையும், மலை வாழைத் தாரும் தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை வந்து சேர்வது அதன் முதுகில்தான். உரமும் நாற்றும் டீசல் கேனும் மேலே ஏறுவதும் அதில்தான். இரவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே வண்டிதான். ஆகவே தோட்டத்து ஜீப் படுத்துவிட்டால் அன்றைய அறுவடையும் அதோடு படுத்துவிடுகிறது.

மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் சி.ஜே. 3பி போன்ற மாதிரிகள் இங்கேயே தயாராயின. 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சின் பூட்டிய எம்.எம். 540 வந்தது. இந்த வண்டிகளின் அமைப்பு எளிமையானது. ஏணி போன்ற சட்டம், அதன் மேல் தகர உடல், முன்னும் பின்னும் இரும்பு அச்சு, பட்டை வில். பம்புசெட்டையும் பவர் டில்லரையும் கழற்றிப் பூட்டிப் பழகிய கை இதையும் கழற்றிப் பூட்ட முடியும். 40 ஆண்டு கடந்த ஜீப்புகள் இன்றும் மலையேறுவதற்கு இந்த எளிமையே காரணம்.

ஆனால் இந்த வண்டிகளுக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் சரியான இடத்துக்குப் போகின்றனவா என்பதே கேள்வி.

மேலே அழகு, அடியில் அபாயம்

பழைய ஜீப்பைச் சீர்செய்யத் தொடங்கும் விவசாயிகள் பலர் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில். புது ரெக்ஸின் இருக்கை, புதுக் கித்தான் கூரை, பளபளக்கும் பெயின்ட், தரையில் ரப்பர் விரிப்பு. அடியில் பிரொப்பெல்லர் ஷாப்ட் ஆடுகிறது. டிரான்ஸ்பர் கேஸ் சொட்டுகிறது. ஹவுசிங்கில் ஆயில் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று அதை விட்டுவிடுகிறார்கள். பூச்சி வேரில் இருக்க, இலைக்கு மருந்தடிப்பது போன்றது இது.

சமவெளியில் இந்த அலட்சியத்துக்கு விலை குறைவு. வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையிலோ, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் தோட்டத்து மண் பாதையிலோ, பின்னால் 5 ஆட்களும் மூட்டைகளும் இருக்கும்போது ஷாப்ட் கழன்று விழுந்தால் நிலைமை வேறு.

காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைபிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது. கைபிரேக் அதைத்தான் பிடிக்கிறது. அதற்கும் சக்கரத்துக்கும் இடையில் இருப்பது அந்த ஷாப்டும் அதன் இரண்டு கிராஸ்களும்தான். கிராஸ் முறிந்தால் எஞ்சின் விசை பின் சக்கரத்துக்குப் போகாது, எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் தடையும் போய்விடும், கைபிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது கால்பிரேக் ஒன்றே. சில நூறு ரூபாய்ப் பொருளை நம்பி இத்தனை இருக்கிறது.

தரைத் தகடு திறந்த நாள்

உள்வேலையும் அடிவேலையும் வேறு வேறு என்று நினைப்பதும் தவறு. ஜீப்பில் கியர் பெட்டியும் டிரான்ஸ்பர் கேஸும் ஓட்டுநரின் காலடியில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள தரைத் தகடு நட்டு போல்ட்டில் நிற்பது, கழற்றக்கூடியது. இருக்கையை எடுத்து, விரிப்பைச் சுருட்டி, கியர் தண்டின் ரப்பர் உறையை நீக்கி, அந்தத் தகட்டைத் தூக்கினால் போதும். படுத்துக்கொண்டு தலையில் மண் கொட்ட வேலை செய்ய வேண்டியதில்லை. பாதி வேலையை மேலே உட்கார்ந்தே பார்க்கலாம்.

எனவே இருக்கைக்கு மெத்தை தைக்கக் கொடுக்கும் நாளே அடிப்பாகத்தைப் பார்க்கும் நாளாகவும் இருக்க வேண்டும். தகடு திறந்திருக்கும்போது கியர் பெட்டியைத் தாங்கும் ரப்பர்கள் நைந்திருக்கின்றனவா, போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, கிளட்ச் இணைப்புக் கம்பிகளின் துளை தேய்ந்திருக்கிறதா, எந்த மூட்டில் ஆயில் கசிகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். புது விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, மறு மாதமே கிளட்ச் வேலைக்காக அதைக் கிழித்தெடுப்பது இரட்டைச் செலவு.

கழற்றும் முன் காவல்

சொந்தக் கையால் வேலை செய்வதில் பெரிய ஆபத்து ஸ்பானரில் இல்லை. வண்டி உருள்வதில் இருக்கிறது. கைபிரேக் ஷாப்டைப் பிடிப்பதாக இருந்தால், ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியதும் அது பயனற்றுப் போகும். தூக்கிய சக்கரம் பின்பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் முன்னே உருளும். டிப்பரன்ஷியலின் இயல்பே அது. ஷாப்டைக் கழற்றிவிட்டால் கைபிரேக் அறவே இல்லை. டிரான்ஸ்பர் கேஸ் தண்டு நியூட்ரலில் இருந்தால், கியரைப் போட்டு வைத்தாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது.

ஆகவே களம் போன்ற சமதளத்தில்தான் வேலை நடக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை. அவற்றை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டக் கூடாது. பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். கிளட்ச், பிரேக் பக்கம் சேர்ந்திருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்து விரட்டவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைப்பதே முறை.

தோட்டத்திலேயே செய்யக்கூடியவை

முதல் வேலை ஆயில். கியர் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், முன் பின் ஹவுசிங்குகள் ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வடியும் நட்டைத் திறக்கும் முன் ஊற்றும் நட்டு திறக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உள்ளே இருந்ததை வடித்துவிட்டு, ஊற்றும் நட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே கிடக்கும். வடிந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஓடையில் இறங்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஓடை கடக்கும் வண்டிகளுக்கு இந்தச் சோதனை தவறவே கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் என்ற பழக்கமும் கெடுதல். ஹவுசிங்கின் கிரவுன் பினியனுக்கு ஹைபாயிட் வகைக் கியர் ஆயில் தேவை. அதே ஜி.எல். 5 வகை ஆயிலைப் பழைய கியர் பெட்டியில் ஊற்றினால் அதில் உள்ள கந்தக மருந்து பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர் பெட்டிக்கு ஜி.எல். 4 வகை 90 எண் ஆயில் பாதுகாப்பானது. வடித்த ஆயிலை வரப்பிலோ ஓடையிலோ கொட்டாமல் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, சீல். டிரான்ஸ்பர் கேஸின் பின்புறச் சீல் கசிந்தால் ஆயில் நேரே கைபிரேக் டிரமுக்குள் இறங்கி லைனிங்கை நனைத்துவிடும். கைபிரேக் பிடிக்கவில்லை என்று கம்பியை இறுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. சீலை மாற்றி லைனிங்கையும் மாற்ற வேண்டும். ஆனால் சீல் மாற்றும் முன் பிரீதர் எனப்படும் சிறு காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். சேறோ குளவிக் கூடோ அதை அடைத்திருந்தால், உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். ஒரு கம்பியால் குத்தித் திறக்கும் வேலைக்காகச் சீல் சீலாக வாங்கிப் போட்டுக் காசைக் கரைப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, ஷாப்டும் கிராஸும். வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் "டக்" என்று கேட்டால் சந்தேகம் கிராஸ் மீதே விழ வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஷாப்டைக் கையால் திருகியும் தூக்கியும் பார்த்தால் ஆட்டம் தெரியும். கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் போன்ற துருப் பொடி இருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது. கழற்றும் முன் ஷாப்டின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டும்போது இரு முனைக் கவைகளும் ஒரே நேராக அமைய வேண்டும். ஒரு பல் மாறினாலும் வண்டி அதிரும். பேரிங் சீக்கிரம் போகும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸுக்கும் சறுக்கு மூட்டுக்கும் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது நல்லது. ஓடையில் இறங்கிய வண்டிக்கு அதற்கும் முன்பே அடிக்க வேண்டும்.

நான்காவது, ஓட்டும் பழக்கம். இதுவும் பழுதுபார்ப்பில் சேர்ந்ததே. இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேகத்தைச் சமன்செய்யும் டிப்பரன்ஷியல் கிடையாது. உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டே வளைவில் திரும்பினால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றையொன்று இழுத்து ஷாப்டும் கியரும் முறுக்கேறும். சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் மட்டும் அதைப் போட வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். முன்னே புது டயரும் பின்னே மொட்டை டயரும் போட்டு மிச்சம் பிடித்த காசு டிரான்ஸ்பர் கேஸில் செலவாகும்.

தரையும் இருக்கையும்

அடிப்பாகம் முடிந்த பின் உள்பக்கம். தரைத் தகட்டைத் தின்பது மேலிருந்து வரும் மழையைவிட, விரிப்புக்கடியில் தங்கும் ஈரமே. கோணியோ சணல் மெத்தையோ ரப்பர் விரிப்புக்கடியில் கிடந்தால் அது நாள்கணக்கில் நனைந்தே இருக்கும். வடிதுளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிக் குத்திப் பார்த்து, உதிரும் தகரத்தை நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ரிவெட்டோ போல்ட்டோ அடித்து, இரு பக்கமும் ரெட் ஆக்சைடு பூசுவது தோட்டத்திலேயே முடியும் வேலை. துருவின் மேலேயே தகடு வைத்து மூடினால் அடுத்த மழைக்குள் அது மீண்டும் வாயைத் திறக்கும்.

தரையில் ஓட்டை இருப்பது வெறும் அசௌகரியம் அல்ல. புகைக் குழாயின் மூட்டு கசிந்தால் புகை அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். கித்தானை நான்கு புறமும் இழுத்துக் கட்டி மழையில் ஓட்டும்போது, அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் தலைவலியையும் மயக்கத்தையும் தரும். ஆகவே கிழிந்த கியர் தண்டு உறையை மாற்றுவது, புகைக் குழாய் மூட்டை இறுக்குவது, தரை ஓட்டையை அடைப்பது ஆகிய மூன்றும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள்.

இருக்கையைப் பொறுத்தவரை, திறந்த வண்டிக்குக் கார் போன்ற பஞ்சு மெத்தை ஒத்துவராது. அது நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பூசிய தேங்காய் நாரும் கித்தான் உறையும் சீக்கிரம் காயும். அதைவிட முக்கியம், இருக்கையும் பெல்ட்டும் பூட்டிய இடம். துருப்பிடித்த தரையில் பூட்டிய இருக்கை, பிரேக் அடித்தால் ஆளோடு பெயர்ந்துவிடும். அடியில் அகலத் தகடு கொடுத்துப் போல்ட்டை இறுக்க வேண்டும். வயர்கள் தகரத் துளை வழியாகச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். எலி கடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்ற வேண்டும். பியூஸ் இல்லாமல் விளக்குக்கு வயர் இழுக்கக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

தன் கையே தனக்கு உதவி என்பது சரி. ஆனால் எல்லை தெரிந்த கைதான் உதவி. கிரவுன் பினியன் அமைப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் நிற்பது. அளவுக் கருவியும் அனுபவமும் இல்லாதவர் அதைக் கலைத்தால் வண்டி ஊளையிட்டே ஓடும். கியர் பெட்டியின் உள்வேலை, ஸ்டீரிங் பெட்டி, சட்டத்தில் விரிசல் ஆகியவை தேர்ந்த மெக்கானிக்கிடம் போக வேண்டியவை. கால்பிரேக்கைச் சொந்தக் கையால் தொட்டிருந்தால் ஒரு மெக்கானிக் பார்த்து ஓட்டிச் சொல்லும் வரை மலை இறங்கக் கூடாது.

வெல்டிங் பற்றி உரக்கவே சொல்ல வேண்டும். சில பழைய மாதிரிகளில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றித் தூரத்தில் வைக்காமல் தரையில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. காலி டாங்க் ஆபத்தில்லை என்ற எண்ணம் தவறு. பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டாங்கே வெடிக்கக் கூடியது.

விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. சட்டம் துருவேறி உளுத்துப்போன வண்டியையும், ஸ்டீரிங்கும் பிரேக்கும் நம்பிக்கை தராத வண்டியையும் பாசத்துக்காக வைத்திருப்பது தவறு. புது வண்டிகளில் பாதுகாப்பும் புகைக் கட்டுப்பாடும் மேல். ஆனால் 2 ஏக்கர் மிளகும் காப்பியும் வைத்திருப்பவருக்குப் புது வண்டியின் மாதத் தவணை ஒரு விளைச்சல் தவறினாலே சுமையாகிவிடும். சட்டம் நன்றாக இருக்கும் பழைய ஜீப்பை ஒழுங்காகக் காப்பாற்றினால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். கிராஸ், சீல், கிளட்ச் பிளேட் போன்றவை கோவை, மதுரை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே சரி.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. பழுது பார்ப்பது வேறு. எஞ்சினையும் உடலையும் உருமாற்றுவது வேறு.

துறையினர் கவனிக்க

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பராமரிப்புப் பயிற்சி தருகிறது. மலை வட்டாரங்களில் அந்தப் பயிற்சியோடு ஜீப்பின் ஷாப்ட், சீல், ஆயில், கைபிரேக் பற்றி 2 நாள் பாடம் சேர்த்தால் பெரும் நன்மை. மலைப் பகுதிக் கூட்டுறவுச் சங்கங்கள் 4 இரும்பு ஸ்டாண்டு, ஒரு நல்ல ஜாக்கி, ஒரு கிரீஸ் கன், ஒரு ஸ்பானர் தொகுதி வாங்கி வாடகைக்கு வைக்கலாம். ஒவ்வொரு விவசாயியும் இவற்றைத் தனித்தனியே வாங்குவது வீண்; இல்லாமல் கல்லை முட்டுக் கொடுத்து வேலை செய்வது ஆபத்து.

இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் மழைக்கு முன்பே. தென்மேற்கு மழை பெறும் மேற்கு மலைகளில் சித்திரைக்குள்ளும், ஐப்பசி மழையை நம்பும் கீழ்மலை, சேர்வராயன், கொல்லிமலைப் பகுதிகளில் புரட்டாசிக்குள்ளும் முடித்துவிட்டால், காப்பிப் பழம் எடுக்கும் நாளில் வண்டி தயாராக நிற்கும். விதைக்கும் முன் ஏரைச் சரிபார்க்காத விவசாயி இல்லை. மழைக்கு முன் ஜீப்பின் தரைத் தகட்டைத் திறந்து பார்ப்பதும் அதைப் போன்ற வழக்கமாக வேண்டும். மெத்தை தைப்பதை அதன் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.